துபாயில் ஒரே ஒரு நாள்: பழைய நகரைக் காட்டும் சுற்றுலாவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஜனவரியில் துபாய்க்குச் செல்லும் உங்கள் குடும்பத்துக்கு ஒரு நாள் மட்டும் ஓய்வாகக் கிடைக்கிறது என்றும், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரான தந்தையார் கட்டடங்களின் உயரத்தைப் பார்க்க விரும்பாமல் ஊரின் கதையைக் கேட்க விரும்புகிறார் என்றும், தாயாருக்கு மூட்டு வலி என்றும், பன்னிரண்டு வயது மகனும் உடன் வருகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மைத்துனர் மூன்று விளம்பரங்களை அனுப்பியிருக்கிறார். முதலாவது, எட்டு மணி நேரத்தில் பதினோரு இடங்களைக் காட்டும் பேருந்துச் சுற்றுலா. இரண்டாவது, காலையில் க்ரீக் என்னும் உப்பங்கழியின் கரையில் சிறு குழுவாக நடந்து, மதியம் எமிராத்தி (அந்நாட்டு அரபு மக்களின்) உணவோடு முடிவது. மூன்றாவது, தனிக் காரும் வழிகாட்டியுமாக நாள் முழுவதும். 'எது நல்லது?' என்பது நீங்கள் எழுதிய கேள்வி. உண்மையில் உங்களுக்கு வேண்டியது நிறுவனத்தின் பெயரன்று என்று புரிந்துகொள்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்பே, இந்தச் சுற்றுலாவில் தந்தையாருக்கு வரலாறு கிடைக்குமா, வெறும் நிழற்படம்தான் கிடைக்குமா என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதே உங்கள் கேள்வி. அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். அந்தக் கழியின் இரு கரைகளான பர்துபாயிலும் டெய்ராவிலும் ஒன்பது ஆண்டுகள் உரிமம் பெற்ற வழிகாட்டியாக வேலை செய்தேன். அந்த வேலையை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே இடங்களைப் பற்றியும் அவற்றின் வரலாற்றைப் பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். திறக்கும் நேரம், கட்டணம் ஆகியவற்றை மட்டும் புறப்படுவதற்கு முந்தைய வாரம் நீங்களே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. துபாயின் பழமை என்று சொல்லத்தக்கவற்றில் பெரும்பகுதி, கடல் நிலத்துக்குள் ஏறி வந்த அந்த உப்பங்கழியின் வாய்ப்பகுதியில், இரு கரைகளிலுமாக இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. தென்மேற்குக் கரையில் அல் ஃபாஹிதி என்னும் பழைய குடியிருப்பு, துணிச் சந்தை, ஆட்சிக் குடும்பத்தின் பழைய வீடுகள் உள்ள ஷிந்தகா. எதிர்க்கரையில் நறுமணப் பொருள் சந்தை, தங்கச் சந்தை, அல் ராஸ். இவ்வளவுதான். பதினோரு இடங்கள் என்று ஒரு விளம்பரம் சொன்னால், அவற்றில் நான்கோ ஐந்தோதான் இந்த வட்டத்துக்குள் இருக்கும். மற்றவை பாம் ஜுமைரா, புர்ஜ் அல் அரப் போன்ற புதுக் கட்டுமானங்களின் முன் நின்று படம் எடுக்கும் நிறுத்தங்கள். எட்டு மணி நேரத்தில் விடுதி விடுதியாக ஆட்களை ஏற்றவும் இறக்கவும் ஒன்றரை மணி நேரம் போகும். சாலை நெரிசலுக்கும் சாப்பாட்டுக்கும் இன்னொரு மூன்று மணி நேரம் போகும். மிஞ்சியதைப் பதினொன்றால் வகுத்தால் ஓரிடத்துக்கு இருபது நிமிடம்கூடத் தேறாது. நானே அத்தகைய பேருந்துகளில் ஒலிவாங்கி பிடித்துப் பேசியவன் என்பதால் சொல்கிறேன்: அல் ஃபாஹிதியில் எனக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தில், நாற்பது பேரையும் இறக்கி, எண்ணி, ஒரு காற்றுக் கோபுரத்தைக் கைகாட்டி, மீண்டும் எண்ணி ஏற்றுவதுதான் நடந்தது. அந்தச் சுற்றுலாவை மோசடி என்று சொல்லமாட்டேன். முதல்முறை வருபவருக்கு ஊரின் பரப்பு எவ்வளவு என்று அது காட்டிவிடும். உங்கள் தந்தையார் அதற்காக வரவில்லை, அவ்வளவே.

அவர் கேட்க வேண்டிய கதை எது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் வழிகாட்டியை மதிப்பிட உங்களிடம் இருக்கப்போகும் ஒரே அளவுகோல் அதுதான். 1833-இல் பனி யாஸ் குலத்தின் ஒரு பிரிவினர் அபுதாபியிலிருந்து பிரிந்து வந்து இந்தக் கழிமுகத்தில் குடியேறினார்கள். அன்று தொடங்கிய மக்தூம் குடும்பத்தின் ஆட்சி இன்றும் தொடர்கிறது. ஊரை வளர்த்தவை முத்தும் வணிகமும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், வளைகுடாவின் எதிர்க்கரையிலிருந்த லிங்கா என்னும் பாரசீகத் துறைமுகத்தில் சுங்கவரி கடுமையானபோது, துபாயின் ஆட்சியாளராக இருந்த ஷேக் மக்தூம் பின் ஹஷர் தம் துறையில் வரியை நீக்கி அங்கிருந்த வணிகர்களை இங்கே ஈர்த்தார். அப்படி வந்தவர்களில் பலர் தென் ஈரானின் பஸ்தக் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். அவர்கள் வீடு கட்டிக் குடியிருந்த பகுதிக்குப் பஸ்தகியா என்று பெயர் விழுந்தது. இன்று பலகைகளில் அல் ஃபாஹிதி வரலாற்றுக் குடியிருப்பு என்றிருப்பது அதே இடம்தான். வயதான டாக்ஸி ஓட்டுநரிடம் பஸ்தகியா என்றாலும் கொண்டுபோய் விடுவார்.

முத்தைப் பற்றி வழிகாட்டி என்ன சொல்கிறார் என்பதைக் கூர்ந்து கேளுங்கள். கோடையின் நான்கு மாதங்கள் படகிலேயே கழியும்; சுழியோடி மூக்கில் ஃபிதாம் என்னும் கவ்வியை மாட்டிக்கொண்டு, காலில் கல்லைக் கட்டி இறங்குவார்; மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார்; ஊதியம் என்று எதுவும் கிடையாது, பருவத்தின் முடிவில் பங்குதான்; முன்பணமாக வாங்கிய கடன் அந்தப் பங்கைத் தின்றுவிட, அடுத்த ஆண்டும் அதே நகுதாவின் (படகுத் தலைவரின்) படகில்தான் ஏறியாக வேண்டும். நகுதா என்ற சொல் நம் கடற்கரை முஸ்லிம் ஊர்களிலும் புழங்கியதுதான். முத்துகள் பெரும்பாலும் பம்பாய்க்குப் போயின. வளைகுடாச் சுழியோடிகள் பிரித்தானியர் காலத்தில் இலங்கைப் பக்கத்து மன்னார் வளைகுடா முத்துக்குளிப்புகளுக்கும் வந்து போயிருக்கிறார்கள் என்பதால், பாண்டியரின் கொற்கையைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கும் உங்கள் தந்தையாருக்கு இது அன்னியக் கதையாக இருக்காது. 1930களில் உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து இந்தத் தொழிலை வீழ்த்தின. ஊரே பசித்த ஆண்டுகள் அவை. முத்துக்குளிப்பை வீரக் கதையாக மட்டும் சொல்லிக் கடனையும் பசியையும் விட்டுவிடுகிற வழிகாட்டி, எத்தனை மொழி பேசினாலும் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

இந்தியத் தொடர்பு அதைவிடச் சுவையானது. 1909-இல் துபாயில் அஞ்சலகம் திறந்தபோது அது இந்திய அஞ்சல் துறையின் கிளை. ஒட்டப்பட்டவை இந்திய அஞ்சல் தலைகள். கடைத்தெருவில் புழங்கிய பணம் இந்திய ரூபாய். தங்கக் கடத்தல் வழியாக அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க, 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நிறத்தில் ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966 ஜூனில் இந்தியா தன் நாணய மதிப்பைக் குறைத்த பிறகே அந்தப் புழக்கம் முடிந்தது. இன்றைய நாணயமான திர்ஹாம் வந்தது 1973-இல். அதே 1966-இல்தான் துபாயின் கடலில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. ஏற்றுமதி 1969-இல் தொடங்கியது. ஆனால் க்ரீக்கைத் தூர்வாரிப் பெரிய கலங்கள் உள்ளே வரும்படி அன்றைய ஆட்சியாளர் ஷேக் ராஷித் ஆழப்படுத்தியது அதற்கும் முன்பு, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், குவைத்திடம் கடன் வாங்கி. இந்த வரிசை முக்கியம். 'ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வெறும் மணல், எண்ணெய் வந்தது, நகரம் எழுந்தது' என்று ஒரு வழிகாட்டி தொடங்கினால், அவர் சொல்லும் மற்றவற்றையும் ஐயத்தோடே கேளுங்கள். எண்ணெய்க்கு முன்பே இங்கே துறைமுகமும் சந்தையும் பல மொழி பேசும் வணிகர் கூட்டமும் இருந்தன. அதைக் காட்டத்தான் இந்த நடையே.

அடுத்து, எது பழையது, எது பழையதுபோல் கட்டப்பட்டது என்ற சிக்கல். அல் ஃபாஹிதியின் ஒரு பெரும் பகுதி 1980களில் ஆட்சியாளர் அலுவலக வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. எஞ்சியதையும் இடிக்கத் திட்டம் இருந்தபோது, அங்கே குடியிருந்த ஒரு பிரித்தானியக் கட்டடக் கலைஞர் எதிர்த்துக் குரல் கொடுத்தார், 1989-இல் வந்த இளவரசர் சார்லஸும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்றார், இடிப்பு நின்றது. பின்னர் நகராட்சி வீடுகளைப் புதுப்பித்தது. ஆகவே இன்று நீங்கள் தொட்டுப் பார்க்கும் சுவரின் பூச்சு புதிது. தெருவின் வளைவும் வீட்டின் அமைப்பும் உள்ளே இருக்கும் பவளப்பாறைக் கல்லும் பழையவை. அதற்குப் பக்கத்திலேயே கரையோரமாக இருக்கும் அல் சீஃப் அப்படியன்று. அது 2017-இல் திறக்கப்பட்ட புத்தம் புதிய கடைத்தெரு. சுவரில் விரிசல் தெரிவதும் மரம் கறுத்திருப்பதும் வேண்டுமென்றே செய்யப்பட்டவை. அங்கே தேநீர் குடிப்பது இனிமையான அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பழைய துபாய் என்று எழுதியிருக்கும் விளம்பரம், ஒன்று அறியாமையால் எழுதப்பட்டது, அல்லது நீங்கள் அறியமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. ஷிந்தகாவில் ஆட்சிக் குடும்பத்தின் பழைய வீடுகள் புதுப்பிக்கப்பட்டு, பல கட்டடங்கள் சேர்ந்த ஒரே பெரிய அருங்காட்சியகமாகியிருக்கின்றன. அவற்றுள் 1896-இல் கட்டப்பட்ட ஷேக் சயீத் வீடும் உண்டு, நறுமணத் திரவியங்களுக்கென்று தனி வீடும் உண்டு. உங்கள் மகனுக்கு அந்த நறுமண வீடு பிடிக்கும் என்பது என் ஊகம். பிள்ளைகள் மோந்து பார்க்கும் எதையும் மறப்பதில்லை. 1787-இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அல் ஃபாஹிதி கோட்டை 1971 முதல் துபாய் அருங்காட்சியகமாக இருந்தது. புதுப்பிப்புக்காக நெடுநாள் மூடிக்கிடந்த அதை, இன்னமும் திறந்திருப்பதுபோலவே பட்டியலிடும் விளம்பரங்கள் உண்டு. 'கோட்டைக்கு உள்ளே போவோமா, வெளியே நின்று பார்ப்போமா?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் தயங்கினால், அந்த விளம்பரத்தை அண்மையில் யாரும் திருத்தவில்லை என்று பொருள்.

காற்றுக் கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏனெனில் மிக அதிகமாகக் கதை அளக்கப்படுவது அங்கேதான். பர்ஜீல் என்று அரபியில் சொல்லப்படும் அந்தக் கோபுரம் நான்கு புறமும் திறந்திருக்கும். உள்ளே மூலைவிட்டமாக இரண்டு சுவர்கள் பெருக்கல் குறிபோல் வெட்டிச் செல்லும். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்து கீழே உள்ள அறைக்கு இறங்கும். அறையின் வெப்பக் காற்று எதிர்ப்பக்கம் வழியாக மேலேறிப் போகும். குளிர்காலத்தில் பலகை வைத்து அடைத்துவிடுவார்கள். இதுவரை உறுதி. இந்த முறை பாரசீகக் கரையிலிருந்து வணிகர்களோடு வந்தது என்பதும் பொதுவாக ஏற்கப்பட்டது. அறை வெப்பம் பத்து டிகிரி குறையும், பதினைந்து டிகிரி குறையும் என்றெல்லாம் சொல்லப்படும் எண்களை மட்டும் நான் என் உரையில் சேர்த்ததில்லை. காற்றின் ஈரப்பதம், வேகம், நாளின் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும், தோலில் காற்று படுவதால் தோன்றும் குளிர்ச்சி வேறு, வெப்பமானி காட்டுவது வேறு. துபாய் என்ற பெயரின் பொருளும் அப்படித்தான்: வெட்டுக்கிளி என்பார் ஒருவர், ஊர்ந்து செல்வது என்பார் இன்னொருவர்; எதுவும் நிறுவப்பட்டதில்லை. 'இப்படியும் சொல்வார்கள்' என்று சொல்லும் வழிகாட்டி நல்ல வழிகாட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே விடை வைத்திருப்பவரிடம் உங்கள் தந்தையார் வாதிட நேரும். விடுமுறை நாளில் அது வேண்டாம்.

வழிகாட்டியின் தகுதிக்கு வருகிறேன். துபாயில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்ய, அரசின் பொருளாதார, சுற்றுலாத் துறையின் பயிற்சியை முடித்து உரிமம் பெற வேண்டும். உரிம அட்டை அவரிடம் இருக்க வேண்டும். காட்டச் சொல்வதில் தவறில்லை, யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். மூன்றாவது விளம்பரத்தைப் போலத் தனிக் கார் என்று வரும்போது, ஓட்டுநரே வழிகாட்டியாக நடிப்பது அடிக்கடி நடக்கும். அவர் நல்லவராக இருக்கலாம், சாலையோரக் கட்டடங்களின் பெயர் எல்லாம் தெரிந்திருக்கலாம். ஆனால் காரை நிறுத்திவிட்டுச் சந்துக்குள் உங்களோடு நடந்து வரமாட்டார். 'ஓட்டுநரும் வழிகாட்டியும் இருவரா, ஒருவரா?' என்ற கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர் என்பதையும் அப்படியே. பதினைந்து பேருக்கு மேல் போனால், அல் ஃபாஹிதியின் சிக்கா எனப்படும் குறுகிய சந்துகளில் பின்னால் நிற்பவருக்கு எதுவும் கேட்காது. பொதுக் குழு நடைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தாயாருக்கு ஆங்கிலம் சிரமம் என்றால் தமிழ் பேசும் வழிகாட்டியைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள், ஆனால் மொழிக்காக உரிமத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

வழிகாட்டி அந்த மண்ணின் எமிராத்தியாக இருக்க வேண்டுமா, எங்களைப் போன்ற வெளிநாட்டவர் போதுமா என்று அடிக்கடி கேட்கப்படும். தெருவின் வரலாற்றை இருவரும் சொல்லலாம். ஆனால் வீட்டுக்குள் நடப்பதை, திருமணத்தை, நோன்பை, பாட்டி சொன்ன பழைய நாள்களை, உடையின் காரணத்தை நான் எவ்வளவு படித்துச் சொன்னாலும் அது படித்துச் சொன்னதுதான். அல் ஃபாஹிதியில் 1998 முதல் இயங்கிவரும் ஷேக் முகமது பின் ராஷித் அல் மக்தூம் பண்பாட்டுப் புரிதல் மையம் இதற்காகவே ஏற்பட்டது. ஒரு பழைய வீட்டின் முற்றத்தில் தரையில் அமர்த்தி உணவு பரிமாறி, எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்கிறார்கள். மெய்யாகவே எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பழைய தெருக்களில் நடையும், ஜுமைரா பள்ளிவாசலுக்குள் அழைத்துச் செல்வதும் அவர்கள் ஏற்பாட்டில் உண்டு. உங்கள் இரண்டாவது விளம்பரத்தில் இருக்கும் எமிராத்தி உணவு இந்த வகையைச் சேர்ந்ததா, ஏதோ ஓர் உணவகத்தில் முன்பதிவு செய்த மேசையா என்று கேளுங்கள். முந்தையது என்றால் அந்த உணவே சுற்றுலாவின் சிறந்த பகுதியாக அமையக்கூடும். அப்போதும் மூன்று முன்னெச்சரிக்கைகள் உண்டு. தாயாரால் தரையில் அமர முடியாது என்பதை முன்கூட்டியே சொன்னால் இருக்கை தருவார்கள். நீங்கள் சைவம் என்றால் அதைப் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். ஹரீஸ் பார்ப்பதற்குக் கோதுமைக் களிபோல் இருந்தாலும் இறைச்சியோடு சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்தது, மச்பூஸ் சோற்றிலும் பெரும்பாலும் இறைச்சிதான். சைவத்தாருக்கு லுகைமாத் என்னும் பொரித்த இனிப்பு உருண்டை, பேரீச்சம்பழம், சேமியாவில் செய்யும் பலாலீத் (மேலே வைக்கும் முட்டையைத் தவிர்த்து) ஆகியவை மிஞ்சும். கடைசியாக, சிறு கிண்ணத்தில் வரும் கஹ்வா என்னும் அரபுக் காபி: குடித்துவிட்டு நீட்டினால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கிண்ணத்தை இலேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். என் குழுவில் வந்த ஒரு பெரியவர் மரியாதைக்காக ஏழு கிண்ணம் குடித்துவிட்டு, அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று மறுநாள் தொலைபேசியில் சொன்னார்.

கடைகளைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குறைந்த கட்டணச் சுற்றுலாக்கள் பலவற்றில் இழப்பை ஈடுகட்டுவது கமிஷன். கம்பளக் கடை, சால்வைக் கடை, நகைக் கடை என்று 'கைவினைக் கூடம்' என்ற பெயரில் நாற்பது நிமிடம் நிறுத்துவார்கள். நான் முதலில் வேலை பார்த்த அலுவலகத்தில், எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது எழுதப்பட்டே தரப்பட்டது; எந்தச் சந்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு அப்படி ஒரு தாள் இருந்ததில்லை. ஒருநாள் கடையைச் சுருக்கி, ஒரு பழைய பள்ளிக்கூடத்தைக் காட்டியதற்காகக் கண்டிக்கப்பட்டேன். அதன் பிறகு அங்கே நீடிக்க மனம் இல்லை. (அந்தப் பள்ளிக்கூடம், முத்து வணிகர் ஒருவர் 1912-இல் தொடங்கிய அல் அஹ்மதியா, தங்கச் சந்தையிலிருந்து சில நிமிட நடை. அது திறந்திருந்தால் தந்தையாரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்றவருக்கு அது தங்கத்தைவிட மேலாகத் தோன்றும்.) ஆகவே, 'வழியில் கடை நிறுத்தம் உண்டா, எவ்வளவு நேரம்?' என்று கேளுங்கள். சந்தைக்குள் நடப்பது வேறு, அது சுற்றுலாவின் உயிர். துணிச் சந்தையில் உங்கள் தோளில் சால்வையைப் போட்டுவிட்டுத் தமிழிலேயே விலை சொல்வார்கள், சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்துவிட்டு நடக்கலாம். நான் எச்சரிப்பது கதவை மூடிக் காபி கொடுக்கும் கடைகளைப் பற்றித்தான்.

துணிச் சந்தையின் பின்புறம் பூமாலையும் தேங்காயும் விற்கும் ஒரு சந்து உண்டு. குஜராத்தி, சிந்தி வணிகர் சமூகங்கள் இந்தத் துறைமுகத்தில் எத்தனை காலமாக வேரூன்றியிருக்கின்றன என்பதை அந்த ஒரு சந்து சொல்லிவிடும். அங்கேயிருந்த சிவன் கோயில் 2024-இன் தொடக்கத்தில் தொலைவிலுள்ள ஜெபல் அலிக்கு மாற்றப்பட்டுவிட்டது. பழைய விளம்பரத்தை நம்பிச் சென்று தாயார் ஏமாறக் கூடாது என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

உடல்நிலை பற்றி: ஜனவரி நல்ல மாதம், வெயில் பொறுக்கக்கூடியது. மூட்டு வலிக்கு எது தாங்கும் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். தரை எப்படிப்பட்டது என்று மட்டும் சொல்ல முடியும். அல் ஃபாஹிதியின் சந்துகள் சமதளமானவை, கல் பாவியவை. ஆனால் பழைய வீடுகளின் நிலைப்படிகள் உயரமானவை, மாடிப்படிகள் செங்குத்தானவை. அங்கிருந்து துணிச் சந்தை வழியாக ஷிந்தகா வரை போனால், நின்று நின்று நடக்கும் நடையாக ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் ஆகும். கழியைக் கடக்கும் அப்ரா என்ற மரப் படகுதான் தாயாருக்குக் கடினமான இடம். மிதக்கும் மேடையிலிருந்து ஆடும் படகுக்கு ஓரடி எடுத்து வைக்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி இராது, நடுவில் உள்ள பலகையில் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். படகோட்டிகள் கைகொடுப்பார்கள். பெரும்பாலான முதியவர்கள் ஏறிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். ஆனாலும் 'படகைத் தவிர்த்தால் காரில் மறுகரைக்கு அழைத்து வருவீர்களா?' என்று கேட்டு வையுங்கள். முடிந்தால் ஏற்றிவிடுங்கள். சரக்கு மூட்டைகளோடு ஈரானுக்கும் பிற கரைகளுக்கும் போகக் காத்திருக்கும் தவ் மரக்கலங்களை டெய்ரா கரையில் பார்த்துக்கொண்டே கடக்கும் அந்தச் சில நிமிடங்கள் போல, இந்த ஊர் எதனால் வாழ்ந்தது என்பதை வேறு எதுவும் காட்டாது.

நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். நண்பகல் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும், பள்ளிவாசலுக்குள் பார்வையாளர் நடையும் அன்று இருப்பதில்லை. ரமலான் மாதம் ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். நீங்கள் செல்லும் ஆண்டில் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அம்மாதத்தில் நேரங்கள் முழுக்க மாறும். பள்ளிவாசல் சேர்ந்திருந்தால் முழுக் கால், முழுக் கை மறைக்கும் உடையும் பெண்களுக்குத் தலைத் துணியும் வேண்டும். அத்தகைய உடை இல்லாதவர்களுக்கு ஜுமைரா பள்ளிவாசலிலேயே கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பள்ளிவாசல் க்ரீக்கிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதையும், அது 1979-ஐ ஒட்டி எழுந்த கட்டடம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வழிபாட்டைப் பற்றிக் கேட்டறிய அது சிறந்த இடம். பழமைக்காகப் போகும் இடமன்று.

ஆகவே, உங்கள் மூன்று விளம்பரங்களில் நான் தேர்ந்தெடுப்பது இரண்டாவதை. மேலே சொன்ன கேள்விகளுக்கு அவர்கள் தரும் பதில்கள் திருப்தியாக இருந்தால் மட்டும். தாயாரின் மூட்டு அன்றைக்கு ஒத்துழைக்காது என்று தோன்றினால் மூன்றாவதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் அனுப்பும் நிரலை அப்படியே ஏற்க வேண்டாம். காலை முழுவதும் க்ரீக்கின் இரு கரைகள், மதியத்துக்கு மேல் ஷார்ஜாவில் ஓரிடம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். ஷார்ஜா பக்கத்து நகரம்தான் என்றாலும் மாலை நெரிசலில் அங்கே போவது பெரும்பாடு; எனவே மூன்று மணிக்குள் துபாயிலிருந்து கிளம்பிவிட வேண்டும். அங்கே எனக்குத் துபாய் அளவுக்குப் பழக்கம் இல்லை. ஆனாலும் அல் மஹத்தா அருங்காட்சியகத்தைத் தயங்காமல் சொல்வேன். லண்டனிலிருந்து இந்தியாவுக்குப் பறந்த இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் இரவு தங்குவதற்காக 1932-இல் அமைந்த நிலையம் அது. பழைய விமானங்கள் இருப்பதால் மகனும் முணுமுணுக்கமாட்டான். அபுதாபி, அல் ஐன் இரண்டையும் இந்த ஒரே நாளுக்குள் திணிக்க யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அல் ஐன் 2011-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், இன்னொரு பயணத்தில் பார்க்கலாம்.

எந்தச் சுற்றுலாவும் சரியாக அமையாவிட்டாலும் அன்றைய நாள் வீணாகாது. பசுமை வழித்தட மெட்ரோவில் அல் குபைபா நிலையத்தில் காலை ஒன்பது மணிக்கு இறங்கி, முதலில் ஷிந்தகா, பிறகு துணிச் சந்தை, அல் ஃபாஹிதி, மதிய உணவு, அப்ரா, டெய்ரா சந்தைகள் என்று நீங்களே நடந்து, மாலையில் அல் ராஸ் நிலையத்தில் மெட்ரோ ஏறிவிடலாம். வழிகாட்டி சொல்ல வேண்டியதில் பாதியைத் தந்தையாரே மகனுக்குச் சொல்லிவிடுவார் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. அப்ராவுக்கு ஆளுக்கு ஒரு திர்ஹாம். நான் இருந்தவரை அந்தக் கட்டணம் ஏறவில்லை. படகோட்டியிடம் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பதால் சில்லறையாக நான்கு நாணயங்களைத் தனியே எடுத்து வையுங்கள்.